ஆரஞ்சுப் பழங்களுக்குச் சரியான கணக்கு

கடல் கணக்குப் படிக்க என்னை மலைக்கு அனுப்பினார்கள். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. தென்கடற்கரையில் ஒரு சின்ன ஆராய்ச்சி அலுவலகத்தில் நான் இளநிலை ஆய்வாளர். ஜன்னலைத் திறந்தால் கடல். அதை விட்டுவிட்டுக் கொடைக்கானலில் ஆறு வாரம் போய் உட்காரச் சொன்னார்கள். உத்தரவில் காரணம்கூட எழுதியிருந்தது: கணிப்பொறிப் பயிற்சிக்கு ஏற்ற குளிர்ந்த தட்பவெப்பம். அருமையான காரணம். ஒரே ஒரு குறை, கணிப்பொறி மதுரையில் இருந்தது.

எண்பதுகளின் முதல் பாதி அது. இளம் ஆய்வாளர்களான நீங்கள் இப்போது காலையில் கணிப்பொறியில் ஒரு மாடலை ஓடவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதற்குள் திரையில் கலர் கலராகப் படம் வந்துவிடுகிறது. பிடிக்காவிட்டால் ஓர் எண்ணை மாற்றி மறுபடி ஓடவிடுகிறீர்கள். போன வாரம் உங்களில் ஒருவர், பதில் வர நாற்பது நிமிடம் ஆகிறது என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அதனால்தான் இன்றைக்குப் பேச ஒப்புக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு பழைய பங்களா. நாங்கள் பத்துப் பேர். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் நிரல் எழுதுவோம். தாள் காலை பஸ்ஸில் மதுரைக்கு இறங்கும். அங்கே அதைத் துளையிட்ட அட்டைகளாக ஆக்குவார்கள், ஒரு வரிக்கு ஓர் அட்டை. அட்டைக்கட்டு கணிப்பொறிக்குள் போகும். பிறகு விடைத்தாளும் அட்டைக்கட்டும் ஒரே பெட்டியில் பஸ் ஏறி மேலே வரும். மூன்று நாள் காத்திருந்து ஆசையாகப் பிரித்தால், பதினாலாவது வரியில் ஒரு காற்புள்ளி இல்லை என்று அச்சடித்திருக்கும். வேறு ஒன்றும் இருக்காது. அந்தக் காற்புள்ளியைப் போட்டு மறுபடி பஸ்.

பயிற்சியை நடத்தியவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பல வருஷம் ஆராய்ச்சிக் கப்பல்களில் அலைந்தவர். மலைக்குளிர் மட்டும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மப்ளருக்குள் இருந்து மூக்கு மட்டும் தெரியும். முதல் நாளே சொன்னார், அட்டைக்கட்டின் மேல் விளிம்பில் பேனாவால் குறுக்கே ஒரு சாய்கோடு போட்டு வையுங்கள், கட்டு சிதறினால் கோட்டைப் பார்த்து அடுக்கிவிடலாம் என்று. ஒன்பது பேர் போட்டார்கள். நான் போடவில்லை. முதுகலையில் தங்கப்பதக்கம் வாங்கியவள், சின்னப் பிள்ளை போலக் கோடு கிழித்துக்கொண்டிருப்பேனா என்ற நினைப்பு.

நான்காம் வாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பெட்டி வாங்கப் போனேன். கண்டக்டர் முகமெல்லாம் பெருமை.

“பெருமாள்மலை வளைவுல பெட்டி கவுந்துருச்சு மேடம். பஸ்ஸ நிப்பாட்டி ஒண்ணு விடாம பொறுக்கிட்டேன். அதுல பாருங்க, பாதி அட்டையில ஒரே ஓட்டை. ஓட்டை கம்மியா இருந்த நல்ல அட்டைய எல்லாம் மேல வச்சிருக்கேன். மோசமானத அடியில போட்டுட்டேன். பாத்து எடுத்துக்கங்க.”

சந்தையில் தக்காளிக்கூடை அடுக்குகிற மாதிரி நானூறு அட்டையை அடுக்கிக் கொடுத்திருந்தார் மனுஷர். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. பயணிகள் எல்லாரும் இறங்கி உதவினார்களாம். இரண்டு நாள் பங்களாத் தரையில் உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையாகப் படித்து வரிசைப்படுத்தினேன். ஒருவர் அற்பமாகத் தோன்றுகிற ஒரு வேலையைச் செய்யச் சொன்னால், அவருடைய கட்டு ஏற்கெனவே ஒருமுறை சிதறியிருக்கிறது என்று அர்த்தம். இது எனக்கு நானூறு அட்டையில் புரிந்திருக்க வேண்டும். புரிந்ததாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

சார் எனக்குக் கொடுத்த பயிற்சி, மிதவைக் கணக்கு. கடலில் ஒரு பொருள் விழுந்துவிட்டால் நாளைக்கு அது எங்கே இருக்கும்? காகிதத்தில் எண்களால் ஒரு சின்னக் கடலைக் கட்ட வேண்டும். அதில் காற்றை வீசவிட்டு, தண்ணீரை ஓடவிட்டு, பொருள் போகிற வழியைப் பார்க்க வேண்டும். மலையில் கடலுக்கு எங்கே போவது, ஏரியில் செய்து பார் என்றார். மிதவிட ஆரஞ்சுப் பழம். ஏன் ஆரஞ்சு என்றும் சொன்னார்: பழம் முக்கால்வாசி தண்ணீருக்குள் இருக்கும், காற்றுக்குப் பிடி கிடைக்காது, தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே போகும், ஆகவே நீ அளப்பது தண்ணீரை மட்டும்தான். இதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அடிக்கோடு போட்டதோடு என் மூளையின் வேலை முடிந்துவிட்டது.

பழக்கடையில் விற்காமல் சூம்பிக்கிடந்த ஆரஞ்சுகளை வாங்கி, நம்பர் எழுதி, படகுத்துறையில் பிச்சை அண்ணனிடம் கொடுப்பேன். பிச்சை அண்ணன் அங்கே படகு ஓட்டுகிறவர், பக்கத்து அடுக்கம் கிராமத்துக்காரர். கொடைக்கானலில் புடவை கட்டி நோட்டு வைத்திருக்கிற பெண் யாரானாலும் அவருக்கு டீச்சர்தான். நான் சொன்ன இடத்தில் பழங்களைப் போட்டுவிட்டு வருவார். மணிக்கு ஒருமுறை நான் கரையில் நடந்து எந்தப் பழம் எங்கே இருக்கிறது என்று குறிப்பேன். சீசன் நேரம். ஏரி நிறையச் சுற்றுலாக்காரர்கள்.

“டீச்சர், ஒங்க மூணாம் நம்பரு போயிருச்சு,” என்பார்.

“எந்தப் பக்கம்?”

“கோயம்புத்தூர்க்காரவுக வயித்துக்குள்ள.”

சிவப்புப் பெயிண்ட் அடித்துப் போட்டுப் பார்த்தேன். அதையும் ஒருவர் உரித்துப் பார்த்தாராம். இப்படியாக, தின்றது போக மிச்சமிருந்த பழங்களை வைத்து, காற்புள்ளிகளோடும் கண்டக்டரோடும் மல்லுக்கட்டி, ஐந்தாம் வாரத்தில் என் மாடல் ஒரு விடை சொல்லிற்று. எட்டு ஆரஞ்சில் ஆறு, கணக்கு சொன்ன இடத்திலேயே ஒதுங்கின. அன்று எனக்கு வந்த தலைக்கனம் இருக்கிறதே, அதை இன்று நினைத்தாலும் கூசுகிறது. கடல் ஆராய்ச்சியில் சேர்ந்து மூன்று வருஷத்தில் நான் படகேறியது இரண்டு தடவை. இரண்டு தடவையும் வாந்தி எடுத்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்படிப்பட்ட நான் எனக்குக் கடல் தெரிந்துவிட்டது என்று நம்பினேன்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பங்களாவுக்கு ஒரு டிரங்க் கால், அதாவது வெளியூர்ப் போன், வந்தது. மதுரையில் கணிப்பொறி பழுதாகிவிட்டதென்று, சரியானதும் கையோடு ஓடவிட சார் எல்லாருடைய அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அங்கே போயிருந்தார், வியாழன் சாயங்காலம்தான் வருவார். நான்தான் போனை எடுத்தேன். எங்கள் அலுவலகத்தின் களப்பணியாளர் சேவியர் பேசினார். கடற்கரைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

“மீனுக்கு நாலு பேரு போன போட்டு மேடம். நேத்து மத்தியானம் இஞ்சின் நின்னுருக்கு. பக்கத்துல போன போட்டுக்காரன் கேட்டதுக்கு, நாங்களே சரிபண்ணிக்கிடுதோம் நீ போன்னுட்டாங்களாம். இன்னும் வரல. ஒரு நாளைக்குத்தான் தண்ணி கொண்டு போயிருக்காங்க.”

“தேடப் போயிருக்காங்களா?”

“காத்து மோசமா கெடக்கு. எல்லா போட்டையும் கரையில ஏத்தியாச்சு. மீன்துறை அதிகாரி ரெண்டு போட்டுக்கு டீசல் தாரேங்காரு. ஆனா கண்ட பக்கம் சுத்தி டீசலக் கரைக்க முடியாது, மேல கம்ப்யூட்டர் ட்ரெயினிங் நடக்குல்லா, அங்க கேட்டுட்டுப் போங்கன்னுட்டாரு.”

எனக்குத் தெரியாது, சார் வரட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கரையில் இருந்தவர்கள் தங்கள் இஷ்டப்படி போயிருப்பார்கள். ஆனால் எட்டுக்கு ஆறு பழம் சரியாகச் சொன்னவள் அல்லவா நான். இஞ்சின் நின்ற இடம், காற்று, நீரோட்டம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் கூப்பிடுங்கள் என்றேன்.

மேஜையில் கடல் வரைபடத்தை விரித்து, பென்சிலும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு கையாலேயே போட்டேன். என்னோடு பயின்ற பாஸ்கரன் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டல் கழித்தலைச் சரிபார்த்தார். மெட்ராஸ் கல்லூரி ஒன்றில் கணக்கு விரிவுரையாளர், அதில் பிழை விடவே மாட்டார். விடை வடக்கு என்று வந்தது. படகு கரையை ஒட்டி ஓடும் நீரோடு போய், வடக்கே உள்ள தீவுகளின் பக்கம் இருக்க வேண்டும். இரண்டாம் தடவை போட்டோம், அதேதான். ஆறேகாலுக்குச் சேவியர் கூப்பிட்டார்.

“வடக்க போகச் சொல்லுங்க சேவியர்.”

“வடக்கயா?” கொஞ்சம் தயங்கினார். “ஊர்ல எல்லாரும் கெழக்கங்காங்க மேடம்.”

“கணக்கு வடக்குன்னுதான் வருது. ரெண்டு தடவ பாத்துட்டோம்.”

“சரி மேடம். படிச்சவங்க நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

நான் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். டிரங்க் கால் என்றால் மூன்று நிமிடம். அதில் இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருந்தது. ஏன் கிழக்கு என்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்க அந்த ஒரு நிமிடம் தாராளமாகப் போதும். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் கிடக்கிற ஓர் ஊரே ஒரு பக்கத்தைக் காட்டுகிறது. பழத்தைச் சுற்றுலாக்காரர் தின்றுவிட்டால் கணக்குப் போடத் தெரியாமல் முழித்த நான் வேறு பக்கத்தைக் காட்டுகிறேன். எங்கேயோ இடிக்கிறதே என்று தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. பாவம், அவர்கள் அனுபவத்தை வைத்துச் சொல்கிறார்கள், நாம் அறிவியல்படி சொல்கிறோம் என்றுகூட பாஸ்கரனிடம் சொன்னேன். அவரும் தலையை ஆட்டினார்.

வியாழன் காலை வழக்கம்போல ஏரிக்குப் போனேன். காற்று பலமாக அடித்தது. படகுத்துறையில் முழங்கால் வரை நனைந்து நின்ற பிச்சை அண்ணன், என்னைக் கண்டதும் பாய்ந்தார்.

“டீச்சர், ஒங்க சோலியில எம்பொழப்பு நாறுது. வெள்ளனே வந்து ஒங்க பழத்தப் போட்டுட்டு வந்து அவசரத்துல கயித்தச் சரியா கட்டல. போட்டு அவுந்துருச்சு. இந்தா பாருங்க, ஒங்க பழம் போட்ட எடத்துல இருந்து அம்பதடி போகல. எம்போட்டு அக்கரைக்குப் போயி நாணல்ல சொருகிக் கெடக்கு. ஏரியச் சுத்தி நடந்து போயி இழுத்தாரணும். ஒரே காத்து, ஒரே தண்ணிதான?”

“காலிப் போட்டு ஏன் அவ்வளவு தூரம் போச்சு?” என்று கேட்டேன்.

“இதென்ன கேள்வி? போட்டு தண்ணிக்கு மேலல்ல நிக்குது. காத்து சும்மா விடுமா?”

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நாலு பேரின் படகு ஓர் இஞ்சின் படகு. பக்கவாட்டுப் பலகை ஆள் உயரம், நடுவே ஓர் அறை. கச்சான் காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறது, அதைச் சேவியர் சொல்லி நானே எழுதியும் வைத்திருந்தேன். அந்தக் காற்று தண்ணீரை எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போட்டேனே தவிர, படகைத் தள்ளும் என்று போடவில்லை. ஐந்து வாரம் ஆரஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கடலில் மிதக்கிற எல்லாமே ஆரஞ்சு. ஊர் கிழக்கு என்று சொன்னதற்குக் காரணம் இவ்வளவுதான், பிச்சை அண்ணன் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

மேட்டில் ஓடி, மூச்சு இரைக்கப் பங்களாவுக்கு வந்து, முதலில் டிரங்க் கால் பதிவு செய்தேன். இருப்பதிலேயே அவசரமான லைட்னிங் கால். எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண், “கீழ மழையில லைன் போயிருக்கு மேடம், கெடச்சதும் தாரேன்,” என்றார். மணி எட்டரை.

பாஸ்கரன் விஷயத்தைக் கேட்டுவிட்டு முகம் வெளுத்துப்போனார். ஆனால் அவர் சொன்னது இது: “நேத்து வடக்குன்னோம். இன்னிக்குக் கிழக்குன்னா, நம்மள யார் மதிப்பாங்க? இதுவும் தப்பா இருந்தா? சார் சாயந்திரம் வந்துடுவார். அவரே பேசட்டும்.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. சார் வந்து பேசினால் பழி பாதியாகும். காத்திருப்பதற்கு ஆயிரம் கௌரவமான காரணங்கள் கிடைக்கும், உங்களுக்கும் கிடைக்கும். சரியான தகவல் இல்லை, மேலதிகாரி ஊரில் இல்லை, இன்னொரு தடவை சரிபார்க்கலாம். ஆனால் ஒரு நாளைக்குத்தான் தண்ணீர் என்று சேவியர் சொன்னது காதிலேயே நின்றது. அந்த ஒரு நாள் நேற்றோடு முடிந்துவிட்டது.

“கால் வந்தா எனக்கு ஆள் விடுங்க, நான் ஏரியில இருப்பேன்,” என்றேன்.

“நானா எதுவும் பேச மாட்டேன்,” என்றார்.

“நீங்க பேச வேணாம். உக்காந்திருந்தா போதும்.”

பிச்சை அண்ணனிடம் போய், ஒரு காலிப் படகை வேண்டுமென்றே அவிழ்த்துவிடச் சொன்னேன்.

“சீசன் நேரத்துல போட்டச் சும்மா விட்டா மொதலாளி என்னய வைய மாட்டாரா?”

நாலு பேர் கதையைச் சொன்னேன். படகை நடு ஏரிக்குக் கொண்டுபோய், பக்கத்திலேயே ஆரஞ்சுகளைப் போட்டுவிட்டு, இன்னொரு படகில் ஏறி விலகினார். கையில் கடிகாரத்தோடு நான் கரையில் நின்றேன். பழம் ஒரு பங்கு போனால் படகு எத்தனை பங்கு போகிறது என்று ஒரு தோராயமான எண் கிடைத்தது. நல்ல எண் என்று சொல்ல மாட்டேன், ஏரிப்படகு வேறு கடற்படகு வேறு. ஆனால் அதை வைத்துப் போட்டாலும், அதில் பாதியை வைத்துப் போட்டாலும் விடை கிழக்காகத்தான் வந்தது. வடக்கா கிழக்கா என்ற வித்தியாசம் தெரிந்தது எனக்கு அப்போது போதுமாக இருந்தது. பத்தரைக்குப் பங்களாவுக்குத் திரும்பிப் போன் அருகே உட்கார்ந்தேன். அரை மணிக்கு ஒருமுறை எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு அந்தப் பெண்ணின் உயிரை வாங்கினேன். ஒரு மணிக்கு லைன் கிடைத்தது.

“சேவியர், நேத்து நான் சொன்னது தப்பு. ஊர்க்காரங்க சொன்னதுதான் சரி. கிழக்க போகணும்.”



“ரெண்டு போட்டும் விடியக்காலமே வடக்க போயிட்டு மேடம். அதுல ஒயர்லெஸ்ஸு கெடையாது.”

“இன்னொரு போட்டு அனுப்ப முடியாதா?”

“டீசலுக்கு அதிகாரி கையெழுத்துப் போடணும். வாய்வார்த்தையா சொன்னா போடமாட்டாரு. எழுத்துல எதாவது இருந்தா கேட்டுப் பாக்கேன்.”

“தந்தி அனுப்புறேன். என் பேர்லயே அனுப்புறேன். அதக் காட்டிக் கேளுங்க.”

தபால் அலுவலகத்துக்கு ஓடினேன். முதல் கணக்கு தவறு, உடனே கிழக்கே தேடவும் என்று எழுதி, கீழே என் பெயர். ‘என் முதல் கணக்கு’ என்றுதான் எழுதத் தொடங்கினேன். தந்தியில் வார்த்தையைக் குறைத்து எழுதிப் பழகிய கை, ‘என்’ என்பதை அடித்துவிட்டது. அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

சாயங்காலம் சார் வந்தார். மப்ளரைக்கூட அவிழ்க்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். என் வரைபடத்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

“கணக்கு சரியாத்தாம்மா போட்டிருக்க,” என்றார். “நாலு ஆரஞ்சுப் பழத்தத் தேடுறதுக்கு.”

பிறகு, “ஊர்ல ஏன் கிழக்குன்னு சொன்னாங்கன்னு கேட்டியா?” என்றார்.

“கேக்கல சார்.”

“சரி, போய்ச் சாப்பிடு.”

அவர் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

தந்தியைக் காட்டி, கெஞ்சி, சண்டை போட்டுச் சேவியர் மூன்றாவதாக ஒரு படகுக்கு டீசல் வாங்கிவிட்டார். அவரும் அதில் ஏறிக்கொண்டார். வெள்ளி விடியலில் கிழக்கே போனார்கள். வடக்கே போன இரண்டு படகும் வெள்ளி சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பின. சனிக்கிழமை காலை சேவியர் நான்கு பேரையும் கண்டுபிடித்தார். மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். நான்காமவர் சூசை, அந்தப் படகில் சமையல் செய்தவர், நான்கு பேரில் மூத்தவர். முந்தின நாள், வெள்ளி மத்தியானம் இறந்திருந்தார்.

வியாழன் விடியலில் இரண்டு படகும் கிழக்கே போயிருந்தால் வெள்ளி காலையில் அவர்களைத் தொட்டிருக்கும். மத்தியானத்துக்கு முன்னால். இந்தக் கணக்கை நான் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அதே விடைதான் வருகிறது. படகின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், காற்றை மாற்றிப் பார்த்தேன். அவர் பிழைத்திருப்பார்.

இதை எதற்கு உங்களிடம் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். மாடல் போடக் கற்றுக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன், அதில்தான் சோறு சாப்பிட்டேன். பின்னாளில் காணாமல் போன படகுகளுக்கு நாங்கள் போட்ட கணக்கால் பலர் வீடு திரும்பியும் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் விடையைப் பற்றிப் பேசும்போது கவனிக்கிறேன், யாருமே ‘நான் சொன்னேன்’ என்று சொல்வதில்லை. திரையைக் கைகாட்டுகிறீர்கள். கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி உங்கள் மேல் இல்லை. அது ஏன் என்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

பயிற்சி முடிந்து மலையிறங்கியதும், சூசையின் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சேவியரிடம் சொன்னேன். வேண்டாம் மேடம் என்றார். நான் விடவில்லை. எல்லாவற்றையும் சொல்லி, என்ன திட்டினாலும் வாங்கிக்கொண்டு வருவது என்று முடிவு செய்திருந்தேன். வழியெல்லாம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஓலை வேய்ந்த வீடு. சூசையின் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எங்கிருந்தோ ஒரு சோடா வாங்கி வரச் செய்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

“மொதல்ல அந்தக் கம்ப்யூட்டரு தப்பாச் சொல்லிட்டாம்லா. நீங்கதான் ஒத்தக்கால்ல நின்னு தந்தி அடிச்சு, கெழக்க போகச் சொன்னீங்களாம். சேவியர் தம்பி எல்லாம் சொல்லிச்சு. நீங்க இல்லன்னா அந்த மூணு புள்ளைகளும் வந்திருக்காதுங்க. எங்க வீட்டுக்காரரு ஒடம்பும் எனக்குக் கெடச்சிருக்காது.”

சேவியரைப் பார்த்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கணக்கில் கம்ப்யூட்டரே இல்லை. அது மதுரையில் பழுதாகிக் கிடந்தது, எங்கள் அட்டைகளும் அங்கேதான் இருந்தன. வடக்கு என்று சொன்னது நான், ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தார்.

“ஆமாம்மா,” என்றேன். “மெஷின் சில நேரம் தப்பு பண்ணிரும்.”

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “நீங்க நல்லா இருக்கணும்,” என்றார்.